அவசரப் பொதுக்குழுவும் ஓர் அந்நிய மரபணுவும்

'மண்ணுலகிலும் விண்ணுலகிலும் வாழும் பொன்னிழைக் குலத்தார் அனைவரும் அறிவீராக! மரபணு எனப்படும் அந்நியப் பொருள் ஒன்று நம் குலத்து இளைஞர் ஒருவரின் உடம்புக்குள் குடியேற அனுமதி வேண்டி நிற்பதால், அதன் பூர்வீகத்தை ஆராய்ந்து முடிவெடுக்கும் பொருட்டு, வரும் ஞாயிறு காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் சங்கக் கட்டடத்தில் அவசரப் பொதுக்குழு கூடும். பன்னிரண்டுக்கு மேல் எமகண்டம். சிற்றுண்டி உண்டு.'

சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் செயலாளர் அப்பாதுரை போட்டிருந்த இந்த அறிவிப்பைத் தலைவர் கண்ணாயிரம் கடையில் உட்கார்ந்தபடி திரும்பத் திரும்பப் படித்தார். விண்ணுலகில் வாழ்பவர்கள் எந்த பஸ் பிடித்து வருவார்கள் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. சிற்றுண்டி உண்டு என்று போட்டிருப்பதால் வந்தாலும் வருவார்கள். அவரை உறுத்தியது வேறு. உடனே போன் போட்டார்.

"இன்னாய்யா, என் படம் இல்லாம ஒரு அறிவிப்பா? ரேஷன் கடையில பாமாயில் வந்திருக்குதுன்னு எழுதிப் போட்ட மாதிரி இருக்குது."

"மன்னிச்சுக்கங்க தலைவரே. இப்பவே மாத்திடறேன். கை கூப்பிக்கினு நிக்கிற படமா, செல்போன் பேசிக்கினு இருக்கிற படமா?"

"கை கூப்பறது எலக்‌ஷனுக்குய்யா. இது விஞ்ஞானம். செல்போனே போடு."

கண்ணாயிரத்துக்குக் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடை. தொழில் புடவை விற்பது என்றாலும் அவர் மூச்சு விடுவதெல்லாம் குலத்துக்காக. ஆதியில் வருண பகவானுக்கு நனையாத வேட்டி நெய்து கொடுத்த முனிவரின் வழியில் வந்தது அந்தக் குலம். இதற்கு ஆதாரம் அவருடைய தாத்தா. தாத்தாவுக்கு ஆதாரம் கிடையாது. அன்று தொடங்கி இன்றுவரை ஒரு துளி அந்நிய ரத்தம் கலக்கவில்லை என்பதை மைக் கிடைத்த இடத்திலெல்லாம் அவர் சொல்லுவார். அவர் கடைப் புடவைக்குப் பட்டுநூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வந்தன. காஞ்சிபுரத்திலிருந்து வந்தது அட்டைப்பெட்டி. அதனாலென்ன, கலப்பு புடவைக்கு ஆகும், ரத்தத்துக்கு ஆகாது.

இவ்வளவு சுத்தமான ரத்தம் அவருடைய சொந்தத் தங்கை மகனிடம் வந்து சேர்ந்தபோது உறைய மறந்துவிட்டது. தங்கை லோகாம்பாளின் மகன் வீரபத்திரனுக்கு அது பிறவி நோய். நமக்கெல்லாம் காயம் பட்டால் சற்று நேரத்தில் ரத்தம் தானாக நின்றுவிடும். அதை நிற்க வைக்கும் சத்து அவன் உடம்பில் சுரப்பதில்லை. சுரக்கச் சொல்லவேண்டிய மரபணு பழுது. அவனுக்குக் காயமே பட வேண்டியதில்லை. பஸ்ஸில் நின்றபடி வந்தால் போதும், முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து பலாக்காய் மாதிரி வீங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போட்டுக்கொடுக்கும் வேலை. வயது முப்பதை நெருங்கவில்லை. வலது முழங்கால் அறுபதைத் தாண்டிவிட்டது. இடது முழங்காலும் அண்ணனைப் பார்த்துக் கெட்டுப்போகும் தம்பி மாதிரி அதே வழியில் போய்க்கொண்டிருந்தது.

வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி முறையில் புதுச் சிகிச்சை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனவள் அக்கா பொன்னி. பழுதில்லாத மரபணுவை, நோய் கொடுக்காத ஒரு வைரஸின் கூட்டுக்குள் பொதிந்து, ஒரே ஒரு தடவை நரம்பில் ஏற்றுவார்கள். அது கல்லீரலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, உறைய வைக்கும் சத்தைச் செய்ய ஆரம்பித்துவிடும். எல்லாருக்கும் கிடைக்காது, எல்லார் உடம்பும் ஏற்காது. வீரபத்திரனை ஆயிரம் சோதனை செய்து பார்த்து, சரி, இவனுக்குக் கொடுக்கலாம் என்று சொல்லி, ஆடி மாதத்து முதல் வாரத்தில் தேதியும் கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

லோகாம்பாள் இதை அண்ணனிடம் வந்து சொன்னது அனுமதி கேட்கத்தான். புருஷன் போனதிலிருந்து பீரோவை எந்தச் சுவரோரம் வைப்பது என்பதைக்கூட அவள் அண்ணனைக் கேட்டே செய்தாள். வீரபத்திரனோ அம்மா போ என்றால்தான் போகிற பிள்ளை. ஆகவே அவனுடைய முழங்கால் இரண்டும் கண்ணாயிரத்தின் தலையாட்டலில் தொங்கின. தன் கையில் தொங்குவதை உடனே இறக்கி விடுகிறவன் தலைவனாக நீடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

"யாரோட மரபணு அது?" என்றார் எடுத்த எடுப்பில்.

"யாரோடதா இருந்தா இன்னா மாமா? வேலை செஞ்சா போதாதா?" என்றாள் பொன்னி. புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது அவள் தொழில். விரல்கள் நாளெல்லாம் முடிச்சுப் போட்டாலும் வாயை மட்டும் அவள் முடிந்து வைத்ததில்லை.

"உனக்குத் தெரியாதுமா. ரத்தம் ஏத்தினா கொஞ்ச நாள்ல போயிடும். மரபணு போனா போனதுதான், உள்ளயே குடித்தனம் பண்ணும். நாளைக்கு இவன் பேச்சு மாறும், புத்தி மாறும், நடை மாறும்."

"நடை மாறணும்னுதானே மாமா போறோம்!"

கண்ணாயிரம் தங்கையைப் பார்த்தார். மகளை அடக்கு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். லோகாம்பாள் தரையைப் பார்த்தாள். குலம் சம்பந்தப்பட்ட விஷயம், நான் ஒருத்தன் முடிவெடுக்கக் கூடாது, பொதுக்குழுவில் வைக்கிறேன் என்றார் அவர். ஜனநாயகம் என்பது தான் சொல்லப் போவதை நிறைய பேர் சேர்ந்து கேட்பது என்று அவர் புரிந்துவைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடம் நிரம்பி வழிந்தது. கோயில் இட்லி என்று செய்தி பரவியிருந்தது. முன்வரிசையில் வீரபத்திரன், முழங்காலில் ஐஸ் பொட்டலத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலை எதிர் நாற்காலியில் நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். ஆட்டோவில் வந்த குலுக்கலுக்கே வீங்கியிருந்தது. அப்பாதுரை ஓடி வந்தார்.

"தம்பி, காலை இறக்குப்பா. ஸ்தாபகர் படத்தைப் பார்த்து நீட்டிக்கினு இருக்கறே."

"மடக்க முடியல சார்."

நெருக்கடி முற்றியது. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். கண்ணாயிரம் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: ஸ்தாபகரைத் திருப்பி மாட்டுங்கள். அப்படியே செய்தார்கள். கூட்டம் முடியும்வரை ஸ்தாபகர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கொண்டு நடந்ததைப் பார்க்கிறபோது, அவருக்குச் செய்த பெரிய மரியாதை அதுவே.

விளக்கம் சொல்லப் பொன்னி ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தாள். பெயர் ஜோதிகா. அந்த ஆஸ்பத்திரியில் மரபணு நோய்களைப் பற்றிக் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லும் ஆலோசகர். லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் பொன்னி அவளைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். மற்றவர்களுக்கு எவர்சில்வர் தம்ளரில் காபி வந்தது. ஜோதிகாவுக்கு மட்டும் காகிதக் கப்பில் வந்தது. "சுகாதாரம்மா," என்றார் அப்பாதுரை.

விஞ்ஞானத்துக்குள் நுழையுமுன் கண்ணாயிரம் அடிப்படைத் தகவல்களைத் திரட்டினார்.

"உனக்கு எந்த ஊரும்மா?"

"ஏனாத்தூர் சார்."

"ஏனாத்தூர்ல எங்க?"

"பஸ் நிக்கிற இடம் சார்."

"அப்பா பேரு?"

"சின்னப்பையன்."

"குலதெய்வம்?"

"ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுக்குப் போவோம் சார். இன்னிக்கு உங்களாலதான் போகல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கண்ணாயிரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, இந்த நோய் எங்கிருந்து வருகிறது, அதைச் சொல் என்றார்.

"பெரும்பாலும் அம்மா வழியா வரும் சார். அம்மாவுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, பையனுக்கு வந்துடும். அம்மாகூடப் பொறந்த ஆம்பளைங்க யாருக்காவது முன்னாடி இருந்திருக்கும்."

கண்ணாயிரத்துக்கு ஒரு தம்பி இருந்ததும், சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து மூக்கில் ரத்தம் நிற்காமலே போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் குடும்பத்தில் அதற்குக் கண்ணேறு என்று பெயர்.

"அப்பாதுரை, இதை மினிட்ஸ்ல ஏத்த வேணாம்."

"அடிச்சிட்டேன் தலைவரே."

இவ்வாறாக ஒரு விஞ்ஞான உண்மை காஞ்சிபுரம் எல்லைக்குள் ரத்து செய்யப்பட்டது.

"இப்ப மெயின் கேள்விக்கு வரேன்," என்று கண்ணாயிரம் எழுந்து நின்றார். "உள்ள போற மரபணு எந்த மனுஷனோடது? அவன் என்ன குலம், என்ன கோத்திரம்?"

"யாரோடதும் இல்ல சார். லேப்லயே செய்யறது."

"ஆளே இல்லாம எப்படிம்மா? தறி இல்லாம புடவை வருமா?"

ஒரு மூத்த உறுப்பினர் கை தூக்கினார். நம் குலத்து வாலிபர்கள் எத்தனையோ பேர் வாட்டசாட்டமாக இருக்கிறார்கள், அவர்களில் ஒருவனிடம் எடுத்துப் போடலாமே என்றார். அப்பாதுரை குறுக்கிட்டு, எதற்கு வெளியே தேட வேண்டும், தலைவருடையதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். கண்ணாயிரம் தலையைத் தாழ்த்தி, குலத்துக்காக எதையும் தரத் தயார் என்பதுபோல் மார்பில் கை வைத்தார்.

"மாமாவோடது வேணாம்," என்றாள் பொன்னி பெண்கள் பக்கத்திலிருந்து. "ரத்தம் நின்னுடும், பேச்சு நிக்காது."

இந்த முறை சிரித்தது பின்வரிசை மட்டுமில்லை. அதற்குள் இன்னொருவர் எழுந்து, நம் ஊர்ப் புடவையே உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று தனித்தனியாக ஓட்டிக் கோத்து நெய்வதுதானே, கரை வேறாக இருந்தால் புடவை கெட்டா போகிறது என்று ஆரம்பித்தார். விவரம் தெரிந்தவர்போலத் தோன்றியதால் அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

"லேப்ல செய்யறாங்கன்னா எதுலம்மா? மண்ணுலயா, மரத்துலயா?"

"பெரிய பெரிய தொட்டியில சார். அதுக்குள்ள பூச்சியோட செல்லை வளர்த்து, அதுலேர்ந்து எடுப்பாங்க. ஒரு வகைப் புழு சார், அந்துப்பூச்சி ஆகறதுக்கு முன்னாடி..."

"புழுவா?" கண்ணாயிரத்தின் கையிலிருந்த மைக் கிறீச்சிட்டது. "கூட்டுப்புழுவா மாறுமே, அந்த ஜாதியா?"

"மாறும் சார். ஆனா இது..."

"போதும்!"

அவருடைய முகத்தில் ஒரு தேஜஸ் வந்தது. வருண பகவான் வேட்டியைக் கட்டிப் பார்த்துவிட்டு நனையவில்லை என்று சொன்னபோது அந்த ஆதி முனிவருக்கு வந்திருக்கும் தேஜஸ். கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"கேட்டீங்களா? புழு! கூடு கட்டற புழு! உலகத்துல எத்தனையோ ஜீவராசி இருக்குது. ஆடு இருக்குது, மாடு இருக்குது, எலி இருக்குது. வெள்ளைக்காரன் அதையெல்லாம் விட்டுட்டு எதைத் தேர்ந்தெடுத்தான்? நமக்குச் சோறு போடற பட்டுப்புழுவை! இது அந்நிய மரபணு இல்லய்யா. இது நம்ம வீட்டுப் பிள்ளை. வழி தவறிப் போய் வெளிநாட்டுத் தொட்டியில வளர்ந்துக்கினு இருக்குது, அவ்வளவுதான்!"

கைதட்டலில் இட்லித் தட்டுகள் அதிர்ந்தன. ஜோதிகா ஏதோ சொல்ல வாயைத் திறப்பதையும், பொன்னி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்துவதையும் கண்ணாயிரம் பார்த்தார். தன் அறிவைக் கண்டு பெண்கள் திகைத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்தார். தீர்மானம் அப்போதே எழுதப்பட்டது: மேற்படி மரபணு பொன்னிழைக் குலத்தைச் சேர்ந்ததே எனப் பொதுக்குழு ஏகமனதாகக் கண்டறிகிறது, அதற்கு ஆயுள் உறுப்பினர் தகுதி வழங்கப்படுகிறது, அதை வீரபத்திரனின் உடம்பில் குடியமர்த்தத் தடையில்லை.

வீரபத்திரன் பெருமூச்சு விட்டான். அவசரப்பட்டுவிட்டான்.

"தேதி என்னிக்கு?" என்று கேட்டார் தலைவர்.

"ஆடி முதல் வாரம் மாமா," என்றான் அவன்.

"ஆடியிலயா? ஆடியில எவனாவது நல்ல காரியம் ஆரம்பிப்பானா? ஒரு மரபணு முதமுதலா வீட்டுக்குள்ள காலடி எடுத்து வைக்குது. கிரகப்பிரவேசத்துக்கு ஆகாத மாசம் இதுக்கு மட்டும் ஆவுமா? ஆவணி முதல் முகூர்த்தம். ஊரே கூடி வழியனுப்பி வைக்கும்."

"சார், அந்தத் தேதி போச்சுன்னா இடமே போயிடும்," என்றாள் ஜோதிகா. "அதுக்காக எத்தனை பேர் காத்துக்கினு இருக்காங்க தெரியுமா?"

"பெரிய டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேம்மா. நம்ம பேரைச் சொன்னா தெரியும்."

அவருக்கு எந்தப் பெரிய டாக்டரையும் தெரியாது. எந்தப் பெரிய டாக்டருக்கும் அவரைத் தெரியாது.

லோகாம்பாள் எழுந்தாள். பொதுக்குழுவில் அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. "அண்ணா, ஆவணி வரைக்கும் அவன் காலு..."

"லோகா, இத்தினி வருஷம் பொறுத்தவன் ஒரு மாசம் பொறுக்க மாட்டானா?"

அதற்கும் கை தட்டினார்கள். லோகாம்பாள் மகனின் முழங்காலைப் பார்த்தாள். ஐஸ் கரைந்து தண்ணீர் அவன் பேன்ட் வழியாக நாற்காலியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். பிறகு, "சரிண்ணா," என்றாள். தங்கை என்றால் இவளல்லவோ தங்கை என்று கண்ணாயிரம் பூரித்தார். மணி பன்னிரண்டு ஆவதற்குள் கூட்டம் முடிந்து, எமகண்டம் இட்லியோடு கழிந்தது.

ஆடி பிறந்தது. நல்ல காரியத்துக்கு ஆகாத அந்த மாதம் புடவை விற்க மட்டும் ஆகும் என்று சாஸ்திரத்தில் எங்கோ இருக்கிறது. கடை வாசலில் தள்ளுபடித் தோரணம் கட்டி, சென்னையிலிருந்து வேன் வேனாக வந்து இறங்கிய பெண்மணிகளைச் சமாளிப்பதில் கண்ணாயிரத்துக்குத் தங்கை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க நேரமில்லை. ஒரே ஒரு தடவை போன் செய்து, ஆவணிக்குத் தயாரா என்று கேட்டார். "தயாரா இருக்கோம்ணா, நீங்க வியாபாரத்தைப் பாருங்க," என்றாள் லோகாம்பாள். எவ்வளவு பணிவு!

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று சங்கக் கட்டடத்து வாசலில் ஒரு பிளெக்ஸ் நின்றது. அதில் கண்ணாயிரம் நுண்ணோக்கிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் பார்க்கிறார் என்பது தெரியவில்லை, ஏனென்றால் முகம் கேமராவைப் பார்த்தது. பின்னால் முறுக்கு முறுக்காக மரபணு ஏணி ஒன்று ஜரிகைக் கரை போட்டு மேலே ஏறியது. கீழே முசுக்கொட்டை இலையில் ஒரு பட்டுப்புழு சிரித்தது. வீரபத்திரனுடைய படம் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. அச்சகத்தின் போன் நம்பர் அதைவிடப் பெரிது. நாதசுரமும் தவிலும் முழங்க, ஆரத்தி எடுத்து, வீரபத்திரனை வேனுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அவன் யார் கையையும் பிடிக்காமல் படியேறினான். முழங்காலில் வீக்கத்தைக் காணோம். முகம் மட்டும் சற்று உப்பியிருந்தது.

"பார்த்தியாய்யா அப்பாதுரை?" என்றார் கண்ணாயிரம். "தீர்மானம் போட்டதுக்கே பாதி குணம்."

"உங்க கை ராசி தலைவரே. பையன் முகத்துல சதை பிடிச்சிருக்குது பாருங்க."

இரண்டு வேன், ஒரு கார். ஆஸ்பத்திரி வாசலில் தவில்காரரைச் செக்யூரிட்டி தடுத்து நிறுத்திவிட்டான். கூட்டத்தையும் உள்ளே விட மறுத்தான். நெடிய வாக்குவாதத்துக்குப் பிறகு கண்ணாயிரமும் குடும்பத்தாரும் மட்டும் மேலே போனார்கள். ஜோதிகா கதவைத் திறந்துவிட்டாள். டாக்டரம்மா மேஜைக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்த்தார். தங்க நிறச் சட்டம் போட்ட தீர்மானத்தைக் கண்ணாயிரம் அவர் கையில் கொடுத்து, சிகிச்சைக்குத் தன் கடைப் பட்டுச் சால்வையைப் போர்த்தினார். சிகிச்சைக்குத் தோள் இல்லாததால் டாக்டரம்மாவுக்குப் போர்த்தினார்.

"எங்க பட்டுப்புழுவுக்குச் செய்யற மரியாதை டாக்டர்."

"எந்தப் பட்டுப்புழு?"

"மரபணு வளர்க்கறீங்களே, அது."

"ஓ, அதுவா? அது பட்டுப்புழு இல்லீங்களே. மக்காச்சோளப் பயிரை அழிக்குதே, படைப்புழு, அதோட செல்லு."

கண்ணாயிரம் ஒரு கணம் நிலைகுலைந்தார். ஊர் ஊராக விவசாயிகள் மருந்தடித்துக் கொல்லும் ஒரு ஜந்துவுக்கு ஆயுள் உறுப்பினர் தகுதி கொடுத்தாகிவிட்டது. ஆனால் தலைவர் தலைவர்தான். அதை அடுத்த பொதுக்குழுவில் பார்த்துக்கொள்ளலாம், திருத்தத் தீர்மானம் என்று ஒன்று இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எந்தப் புழுவோ இருக்கட்டும் டாக்டர். முகூர்த்தம் ஓடிக்கினு இருக்குது. ஊசியை ஆரம்பிங்க."

டாக்டரம்மா பொன்னியைப் பார்த்தார். ஜோதிகா கூரையைப் பார்த்தாள். வீரபத்திரன் ஒரு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ரத்தம் எடுக்கும் நர்ஸிடம் பழக்கப்பட்டவன்போலக் கையை நீட்டினான்.

"இன்னிக்கு ரத்த டெஸ்ட்டு மட்டும்தான் மாமா," என்றாள் பொன்னி. "வாராவாரம் வந்துக்கினுதான் இருக்கோம். இவன் முகம் உப்பினதே இங்க குடுக்கற மாத்திரையாலதான். எப்பவும் பஸ்ஸுல வருவோம், நீங்க வேனே வெச்சுத் தரேன்னீங்க. பெரியவங்க ஆசையா செய்யறதை வேணாம்னு சொல்லலாமா?"

"லோகா! இவ இன்னா சொல்றா?"

லோகாம்பாள் மகன் கையில் ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அண்ணனிடம் திரும்பினாள்.

"நீங்க தள்ளுபடியில மும்முரமா இருந்தீங்கண்ணா," என்றாள்.

ஊசியை ஆடி முதல் வாரமே போட்டுவிட்டார்கள்.